பன்னிரண்டாம் மாதம்

விதி இதுதான்: இறந்தவர்களில் கெட்டவர்களுக்குத் தண்டனை பன்னிரண்டு மாதம், அதற்கு மேல் இல்லை. மகன் நாள்தோறும் பத்து ஆண்கள் கூடிய சபையில் எழுந்து நின்று கடிஷ் என்ற துதியைச் சொன்னால் தகப்பனின் பாடு அந்த அளவுக்கு இலேசாகும். ஆனால் பன்னிரண்டு மாதமும் சொன்னால், என் தகப்பனுக்கு முழுத் தண்டனையும் தேவைப்பட்டது என்று மகனே ஊருக்கு அறிவித்தது போலாகிவிடும். ஆகவே அவன் பதினொரு மாதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நான் இரண்டு நாட்டு அரசாங்கங்களின் சுற்றறிக்கைகளை வாசித்தே ஓய்வூதியம் வரை வந்தவன். இவ்வளவு நாசூக்கான விதியை வேறெங்கும் கண்டதில்லை. தகப்பன் நல்லவர் என்று சொல்லும்படி அது மகனைக் கேட்கவில்லை. கடைசி ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிரு என்று மட்டும் கேட்கிறது.

இதை நான் படித்தது புத்தகத்தில் அல்ல, சிட்னியின் பொண்டாய்ப் பகுதியில் ஒரு வீட்டு வாசலில். 1973இல் கொழும்பிலிருந்து சிட்னிக்கு வந்தபோது ஒரு திணைக்களத்தின் பதிவேட்டுப் பகுதியில் எனக்கு உடனே வேலை கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது காலியாக இருந்த அறைகளெல்லாம் நானும் மனைவியும் போய்க் கதவைத் தட்டும்போது நிரம்பியிருந்தன. ஒரு செங்கல் வீட்டில் மட்டும் ஒரு யூதக் கிழவர் கதவைத் திறந்து, எங்கள் நிறத்தை விட்டுவிட்டு எங்கள் வாயைப் பற்றி விசாரித்தார். அவரும் அவர் மனைவியும் பேசியது போலந்து வாசனை அடிக்கும் ஆங்கிலம். இத்தனை வருடம் கழித்து அது எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகவே கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

“என்ன சாப்பிடுவீங்கள்?”

“மரக்கறி.”

“மீன்?”

“இல்லை.”

“முட்டை?”

“மனுசி தொடமாட்டா. நான் எப்பவாவது வெளியில.”

“அதை வெளியிலயே வைச்சுக்கொள்ளுங்கோ. அறை மாடியில.”

இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது என்பது அவர்கள் சமய விதி. ஆகவே அந்த வீட்டுக் குசினியில் இறைச்சிக்கு ஒரு அடுக்குச் சட்டி, பாலுக்கு ஒரு அடுக்குச் சட்டி. ஒன்று மற்றதைத் தொட்டால் பெரிய விவகாரம். இறைச்சியே தொடாத எங்களைப் பால் பக்கத்தில் சேர்த்துவிட்டார்கள். என் மனைவி அங்கேதான் பருப்புக் காய்ச்சினாள். ஒரு வருடம் எந்தத் தகராறும் இல்லை. கிழவர் ‘சர்ரி ஹில்ஸ்’ என்ற பகுதியில் சட்டைக் கழுத்துப்பட்டி தைக்கும் சிறு தொழிற்சாலை வைத்திருந்தவர். பேச்சுக் குறைவு. பிள்ளைகள் உண்டா என்று நான் ஒருமுறை கேட்டேன். “இருந்தது” என்றார். அப்படிப்பட்ட பதிலுக்கு மேல் கேள்வி கேட்பது நாகரிகம் அல்ல என்று நான் விட்டுவிட்டேன்.

1974 ஒக்டோபரில் அவர் இறந்தார். அடக்கத்துக்கு நாங்களும் போனோம். குழியருகே முப்பத்தைந்து வயதுள்ள ஒருவன் வந்து நின்றான். ஒருவரும் அவனோடு பேசவில்லை. ஒருவரும் அவனைத் தடுக்கவுமில்லை.

“இஞ்சருங்கோ, ஆரிந்த ஆள்?” என்று மனைவி என் காதுக்குள் கேட்டாள். “கிழவற்ற மூஞ்சையை வெட்டி ஒட்டின மாதிரி.”

எங்கள் கோயில்களில் மணியகாரர் இருப்பதுபோல அவர்களுடைய ஜெப ஆலயத்திலும் ஒருவர் இருந்தார். யார் எங்கே இருப்பது, யார் எப்போது எழும்புவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர்தான் எனக்குச் சொன்னார். இறந்தவரின் ஒரே மகன் அவன். மருந்துக்கடை வைத்திருப்பவன். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்தவத் தாதியைக் கலியாணம் செய்தான். அன்றைக்கே தகப்பன் சட்டையைக் கிழித்து, முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணியால் மூடி, தாயையும் பக்கத்தில் இருத்தி, உயிரோடிருந்த மகனுக்காக ஏழு நாள் தரையோடு ஒட்டிய முக்காலியில் துக்கம் இருந்தார். அயலவர்கள் அவித்த முட்டையோடு வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் மகன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தானாம். தாய் எடுத்து, “என்ர மகன் செத்துப்போனான்” என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

“இப்ப செத்தவர் வந்து செத்தவருக்குச் சொல்லுறார்” என்றார் மணியகாரர். “என்ன செய்ய? ஒரே மகன். உரிமை இருக்கு.”

மகன் அந்த உரிமையை ஒழுங்காகப் பாவித்தான். தன் கடையைத் திறக்கும் முன் தினமும் காலையில் நகரத்தின் மறுபக்கத்திலிருந்து கார் ஓட்டி வந்து கடிஷ் சொன்னான். ஒரு நாள் தவறவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் தாயின் வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்து சூப் குடித்தான். வீட்டுக்கார அம்மா ஊற்றிக் கொடுத்தார். அவர்களுக்குள் நடந்த சம்பாஷணையை நான் பால் பக்கத்திலிருந்து பல தடவை கேட்டிருக்கிறேன்.

“பிள்ளைக்கு ரெண்டு நாளா இருமல், அம்மா.”

“உப்புக் காணுமோ?”

“காணும். ராத்திரி முழுக்க நித்திரையில்லை அவளுக்கு.”

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ?”

அவனுக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருந்தாள். பதினொரு மாதத்தில் ஒரு தடவைகூடப் பாட்டி அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்கவில்லை. அது மறதியில்லை. கேட்காமலிருக்க அவர் பாடுபட்டதை நான் பார்த்தேன்.

ஆனால் கணவருடைய மறுமை பற்றி அவர் தாராளமாகப் பேசுவார். என் மனைவியும் அவரும் பட்டாணி உரிக்கும்போது அதுதான் பேச்சு. ஏதேன் தோட்டத்தில் தொழிற்சாலைச் சத்தம் இல்லை. எப்போதும் ஓய்வுநாள் பிற்பகல் மாதிரி இருக்கும். நல்லவர்கள் ஆளுக்கொரு கதிரையில் இருந்து வேதம் படிப்பார்கள். மனைவிமார்?

“புருசன்ர காலுக்குக் கீழ பாதப்படியா இருப்பம்” என்றார் வீட்டுக்கார அம்மா, பெருமையாக. “என்ர அம்மா சொன்னவ. அவவின்ர அம்மாவும்.”

“செத்த பிறகும் காலுக்குக் கீழயோ?” என்றாள் என் மனைவி. “நாப்பத்திரண்டு வருசம் காணாதே, மிஸிஸ்?”

“உனக்கென்ன தெரியும்? உங்கட ஆக்கள் திரும்பத் திரும்பப் பிறந்துகொண்டே இருப்பீங்கள். எங்களுக்கு ஒரே ஒரு இடம்தான். அது அவற்ற காலடி.”

என் மனைவி இரவில் என்னிடம் சொன்னாள், தான் அடுத்த பிறப்பில் எங்கே பிறந்தாலும் என் காலடியில் பிறக்கப் போவதில்லையென்று. நான் அதைக் குறித்துக்கொண்டேன். எங்கள் கணக்கில் செத்தவர் யமனுடைய ஊருக்கு நடந்து போய்ச்சேரவே ஒரு வருடம். அவர்களுக்கு அதற்குள் வழக்கு முடிந்து தண்டனையும் தீர்ந்துவிடும். அவர்களுடைய நிர்வாகம் திறமானது என்றுதான் எனக்குத் தோன்றியது.

பதினோராம் மாதத்தின் கடைசி நாள் 1975 செப்டம்பரில், அவர்களுடைய வருடப்பிறப்புக்கு முதல் நாள் வந்தது. வெள்ளிக்கிழமை. மகன் வழக்கம்போல வந்தான். இந்தத் தடவை மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். பிள்ளைக்கு நல்ல சட்டை, வெள்ளைக் காலுறை. குசினி வாசலில் நின்று, “அம்மா, இனி நான் தினமும் இந்தப் பக்கம் வரத் தேவையில்லை. போறதுக்கு முன்னம் இவளைக் காட்டிப்போட்டுப் போவமெண்டு வந்தனான்” என்றான்.

வீட்டுக்கார அம்மா வருடப்பிறப்புக்கு வாங்கிய தேனைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். பிள்ளையும் அவரைப் பார்த்தது. அதற்கும் அதே நெற்றி.

“ஆற்ற பிள்ளை இது?” என்று கேட்டார்.

“என்ர.”

“செத்தவனுக்கு எப்பிடிப் பிள்ளை பிறக்கும்?”

சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டினார், தெருவில் போகிற பிள்ளைக்குக் கொடுப்பதுபோல. பிள்ளை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நன்றாக வளர்த்திருந்தார்கள்.

நான் அவர்களோடு கார் வரை போனேன். மகன் ஏறி இருந்து சாவியைப் போட்டான், திருப்பவில்லை. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது, கேள்வி கேட்கத்தான் தெரியும். தண்டனை பன்னிரண்டு மாதமென்றால் ஏன் பதினொன்றில் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். அவன் காரணத்தைச் சொன்னான். மேலே எழுதியிருப்பது அவன் சொன்னதுதான்.

“நிப்பாட்டாட்டி என்ன தண்டனை?” என்றேன்.

“ஒண்டுமில்லை.”

“நீங்கள் எழும்பி நிண்டால் ஆராவது இருத்தலாமோ?”

“ஏலாது. சொன்னால் எல்லாரும் ஆமென் சொல்லித்தான் ஆகவேணும். கேட்டுப்போட்டுச் சொல்லாமல் இருக்கிறதுதான் குற்றம்.”

“அப்ப அது விதியில்லை” என்றேன். “தயவு.”

சுற்றறிக்கையில் ஓட்டை கண்டுபிடித்த திருப்தியோடுதான் அதைச் சொன்னேன். அவன் அந்தச் சொல்லைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். பின் ஆசனத்திலிருந்து அந்தப் பிள்ளை, ஒருவரும் கேட்காமலே, தன் பெயரை எனக்குச் சொன்னது. கார் போய்விட்டது.

மறுநாள் ஓய்வுநாளும் வருடப்பிறப்பும் ஒன்றாக வந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அன்றைக்குக் காரில் ஏறவும் கூடாது. ஆகவே என் மனைவியின் கையைப் பிடித்து நடந்தே போனார். மத்தியானம் என் மனைவி படியேறி வந்ததும் வராததுமாகச் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு தொடங்கினாள்.

“நீங்கள் வந்திருக்க வேணும். மேல்மாடி முழுக்கப் பொம்பிளையள், எல்லாருக்கும் தொப்பி. நான் ஒருத்திதான் சேலை. கீழ ஆம்பிளையள் ஒரு கடல். கடைசியில எழும்பிற நேரம் வந்துது. ரெண்டு மூண்டு பேர் எழும்பிச்சினம். அவரும் எழும்பினார்.”

“ஆர்?”

“ஆரோ? மகன்தான். மிஸிஸ் என்ர கையைப் பிடிச்ச பிடியில வளையல் நெளிஞ்சு போச்சு, பாருங்கோ. பக்கத்தில இருந்தவ மற்றவவைத் தட்டுறா. அவ அடுத்தவவைத் தட்டுறா. ‘பதினொண்டு முடிஞ்சுதே, முடிஞ்சுதே’ எண்டு விரலை மடிச்சு எண்ணுறாளவை. அவர் நல்ல உரத்த குரலில, ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லுறார். கீழ எல்லாரும் ஆமென். மேல எல்லாரும் ஆமென்.”

“இவ?”

“இவவும்தான். சொல்லாட்டிக் குற்றமாமே. தன்ர புருசன் நெருப்புக்குள்ள கிடக்கிறாரெண்டு பிள்ளை சொல்ல, தாய் ஆமென் சொன்னா.”

அந்தத் துதியில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நரகத்தைப் பற்றியும் இல்லை. கடவுளுடைய பெயர் பெருமைப்படட்டும் என்பதுதான் முழுவதும். அதனால்தான் அவனை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. அன்று மாலை மணியகாரர் வீட்டுக்கு வந்து தான் அவனை வாசலில் மறித்துக் கேட்டதைச் சொன்னார்.

“ஆருக்காகச் சொல்லுறீர், காலம் முடிஞ்சுதே எண்டு கேட்டன். தகப்பனுக்கு இல்லையாம். ஆறு வருசத்துக்கு முன்னம் செத்த ஒருத்தருக்காம். ஏழு நாள் துக்கம் இருந்தவையாம், ஆனால் ஒரு நாளும் கடிஷ் சொல்லயில்லையாம். பாவமாம். ஆர் அந்த ஆள் எண்டன்.” மணியகாரர் தன் தொப்பியைச் சரிசெய்தார். “‘நான்தான்’ எண்டு சொல்லிப்போட்டுப் போறார்.”

வீட்டுக்கார அம்மா அவருக்கு வாசல் கதவைத் திறந்துவிட்டார். மணியகாரர் போன பிறகு என்னைப் பார்த்து, “இது முப்பது நாள் நடக்கும். ஒவ்வொரு காலையும். நிப்பாட்ட வேணும், மிஸ்டர்” என்றார். அவருக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கணவரின் பெயர் சபையில் சுத்தமாக இருக்க வேண்டும். அவர் ஏதேனில் ஒரு கதிரையில் இருக்க வேண்டும். அந்தக் கதிரைக்குக் கீழே தனக்கு இடம் இருக்க வேண்டும்.

அங்குள்ள ரபி, அவர்களுடைய சமயகுரு, தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டார். தாயும் மகனும் தன் சபையார், வெளியூர் ஆட்கள் சொல்லட்டும் என்றார். மெல்பேர்னில் சமய நீதிமன்றம் ஒன்று இருந்தது. திங்கட்கிழமை நான் வேலையால் வரும்போது வீட்டுக்கார அம்மா தொலைபேசிக்கு முன்னால் கையில் இலக்கத்தோடு இருந்தார்.

“வைச்சிடுங்கோ” என்றேன். “தொலைபேசியில சொல்லுறது பதிவில இராது. நாளைக்கு நான் அப்பிடிச் சொல்லயில்லையெண்டு சொல்லுவினம். எழுத்தில கேட்டால் எழுத்தில வரும். அதோட, நேராய் அனுப்பக் கூடாது. உங்கட ரபிக்கூடாகத்தான் போகவேணும். அவற்ற மேலொப்பம் இல்லாமல் மேலிடத்துக்குப் போனால் திருப்பி அனுப்புவினம்.”

உரிய வழியூடாக. கொழும்பில் இருபது வருடம் எனக்கு அதுதான் மந்திரம். வீட்டுக்கார அம்மா இலக்கம் எழுதிய துண்டை மடித்து வைத்தார். நான் தட்டச்சு யந்திரத்தைக் குசினிக்குக் கொண்டுவந்தேன், பால் பக்கத்து மேசைக்கு.

“எதிர் மனுதாரர் உங்களுக்கு என்ன முறை?”

“ஒரு முறையும் இல்லை. ஆரோ ஒரு ஆள் எண்டு எழுதுங்கோ.”

“ஆரோ ஒரு ஆளெண்டால் பதினொரு மாதம் உங்கட புருசனுக்கு அவர் சொல்ல ஏன் விட்டனீங்கள் எண்டு கேப்பினம்.”

“அப்ப மகன்.”

“மகனெண்டால் அவர் உயிரோட இருக்கிறார். அப்ப அந்த ஏழு நாள் ஆருக்காக இருந்தனீங்கள்?”

அவர் நெடுநேரம் மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டினார். பிறகு, “ரெண்டையும் எழுதுங்கோ. அவையள் தீர்மானிக்கட்டும்” என்றார். நான் இரண்டையும் எழுதினேன். நல்ல கடிதம். ஐந்து பந்திகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம். கடைசிப் பந்தியில், பதிலும் உரிய வழியூடாகவே, ரபி அவர்களுக்கூடாக அனுப்பப்பட வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொண்டேன்.

கடிதம் போன கிழமையில் வேறொரு வழியையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பத்து ஆண்கள் இல்லாவிட்டால் கடிஷ் இல்லை. வேலைநாட்களில் காலையில் வருவது பதினொருவர்தான். வீட்டுக்கார அம்மா பாற்கட்டிக் கேக் இரண்டு சுட்டு, இரண்டு கிழவர்களின் வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் குளிர், நித்திரை கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டு வந்தார். வியாழக்கிழமை ஒன்பது பேர்தான் வந்தார்கள். மகன் தெருவில் இறங்கி நின்று, போகிற வருகிற ஒவ்வொருவரையும் மறித்து, “நீங்கள் யூதரோ?” என்று கேட்டானாம். கடைசியில் ஏணியோடு போன ஒரு பெயின்ட் அடிப்பவர் அகப்பட்டார். அவரையும் அவர் ஏணியையும் உள்ளே கொண்டுபோய் நிறுத்திச் சொல்லி முடித்தான். கேக் தின்ற கிழவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்துவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மாலைதான் நான் முதல்முதலாகப் பயந்தேன். ஓய்வுநாளில் நரகத்தின் நெருப்பும் ஓய்வெடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. வெள்ளி மாலை கெட்டவர்களை வெளியே விடுவார்கள். சனி மாலை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததும் திரும்ப அடைத்துவிடுவார்கள். அன்றைக்கு இருட்டிய பிறகும் வீட்டுக்கார அம்மா விளக்கைப் போடவில்லை, எங்களையும் போட விடவில்லை. திரைச்சீலைகளை இழுத்துவிட்டு முன்னறையில் இருந்தார்.

என் மனைவி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “மிஸிஸ், மூண்டில்லை, முப்பது வந்திட்டுது.”

“நான் காணயில்லை.”

“வாங்கோ காட்டுறன்.”

“நான் காணாட்டி அது வரயில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் அந்தாள் வெளியில.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒரு கிழமைக்கு முன் இந்த அம்மாவுக்கு அவமானம் மட்டும்தான் இருந்தது. இப்போது அவர் நம்பத் தொடங்கிவிட்டார். மகன் எட்டு நாள் சொன்னதில் கிழவரை உண்மையாகவே உள்ளே போட்டுவிட்டான். நாங்கள் மூவரும் இருட்டில், சாப்பிடாமல், கிழவருக்கு இன்னொரு மணித்தியாலம் வாங்கிக் கொடுத்தோம்.

அடுத்த நாள் ஞாயிறு, பாவநிவாரண நாளுக்கு முதல் நாள். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதரிடம் போய்த்தான் கேட்க வேண்டும். மூன்று முறை கேட்டும் அவர் மறுத்தால் கேட்டவன் பொறுப்பு முடிந்தது. பிற்பகல் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

“அம்மாட்டச் சொல்லுங்கோ, மிஸ்டர். நான் மன்னிப்புக் கேக்கிறன். முதலாம் முறை.”

நான் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன். வீட்டுக்கார அம்மா தலையை ஆட்டி மறுத்தார்.

“இல்லையாம்” என்றேன்.

“சரி.” வைத்துவிட்டான். ஒரு மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தான். “ரெண்டாம் முறை.” அதற்கும் இல்லை. விரதத்துக்கு முந்திய சாப்பாட்டுக்கு அவர் இருக்கும்போது மூன்றாவது அழைப்பு வந்தது.

“இது மூண்டாவது” என்றான். குரல் மாறியிருந்தது. “எனக்கு அவ மூண்டு தரம் கேக்கத் தேவையில்லை. மன்னிப்பும் கேக்கத் தேவையில்லை. பிள்ளையின்ர பேர் என்னெண்டு கேக்கச் சொல்லுங்கோ. அவ்வளவுதான். கேட்டால் நாளைக்கு நான் எழும்பமாட்டன். நாளைக்கு மட்டுமில்லை, இனி ஒரு நாளும்.”

நான் சொல்லுக்குச் சொல் ஒப்பித்தேன். தொலைபேசியை நீட்டினேன். வீட்டுக்கார அம்மாவின் கை மேசையிலிருந்து எழும்பியது. அதை நான் கண்டேன். என் மனைவியும் கண்டாள். “கேளுங்கோ, மிஸிஸ்” என்றாள். “ஒரு பேர்தானே. கேட்டால் என்ன தேய்ஞ்சா போவீங்கள்?”

கை திரும்ப மேசைக்குப் போனது.

“கடிதம் போட்டிருக்கிறம்” என்றார். “மெல்பேர்ன் கோடு தீர்ப்புச் சொல்லட்டும். நான் இப்ப கேட்டால் அந்தாள் ஏழு நாள் இருந்தது பிழையெண்டு நானே சொன்ன மாதிரி. மேலிடத்தில ஆராவது சொல்லட்டும்.” பிறகு என்னிடம், “பதில் வரும்தானே, மிஸ்டர்?” என்றார்.

“எழுத்தில கேட்டிருக்கிறம்” என்றேன். “வராமல் இராது.”

பாவநிவாரண நாளில், வருடத்திலேயே சபை மிகவும் நிறைந்திருக்கும் நாளில், அவன் எழுந்து நின்று சொன்னான். பிறகு வந்த கூடாரப் பண்டிகை முழுவதும் சொன்னான். வீட்டுக்கார அம்மா ஒவ்வொரு காலையும் தபால்காரன் வரும் நேரத்தில் வேலியடியில் நின்றார். சனிக்கிழமைகளில் இருட்டு நீண்டுகொண்டே போனது. முப்பதாம் நாளோடு அவன் நிறுத்தினான். ஒரு நாள் கூட்டவில்லை, ஒரு நாள் குறைக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் கிழவர் இறந்த திதி. அன்றைக்கு மகன் கடிஷ் சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை. நல்லவருக்கும் சொல்வார்கள், கெட்டவருக்கும் சொல்வார்கள். வீட்டுக்கார அம்மா மேல்மாடியில் போய் இருந்தார். அவன் வரவில்லை. மணியகாரர் சொல்லி முடித்தார். மருந்துக்கடையை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பேர்த் பக்கம் போய்விட்டான் என்றும், விலாசம் ஒருவரிடமும் கொடுக்கவில்லை என்றும் அவரே பிறகு சொன்னார். வீட்டுக்கார அம்மா அதற்குப் பிறகும் என்னிடம் பிள்ளையின் பெயரைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியுமென்று அவருக்குத் தெரியாது. நானும் கேளாமல் சொல்லும் பழக்கமுள்ளவன் அல்ல.

பதில் மூன்று பந்திகள். உயிரோடிருப்பவருக்குக் கடிஷ் இல்லை, ஆகவே மகன் நிறுத்த வேண்டும். உயிரோடிருக்கும் பிள்ளைக்காக ஏழு நாள் துக்கம் இருக்கும்படி எந்தச் சட்டமும் எவரையும் கேட்கவில்லை. அப்படி இருந்தது துக்கமாகாது, அது கோபம். ஆகவே பாவநிவாரண நாளுக்கு முன் தாய் மகனிடம் போகட்டும், போனால் அவர் தாமாகவே நிறுத்திவிடுவார் என்பது மன்றத்தின் எண்ணம். காலம் குறுகியதால் தொலைபேசியில் சொல்ல விரும்பியதாகவும், மனுதாரர் எழுத்திலும் ரபிக்கூடாகவும் கேட்டிருந்தபடியால் அவ்வாறே அனுப்புவதாகவும் கீழே ஒரு குறிப்பு.

வீட்டுக்கார அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, “என்ன திகதி போட்டிருக்கு?” என்று கேட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. எங்கள் கடிதம் கிடைத்து ஒரு நாளைக்குள், அந்த மூன்று தொலைபேசி அழைப்புகளுக்கு இரண்டு நாள் முன்னதாக, எழுதியிருந்தார்கள். மெல்பேர்னில் தாமதம் இல்லை. ரபி அதைப் பண்டிகைக் கடிதங்களோடு மேசை இழுப்பறையில் வைத்து, பண்டிகை அலுவல்களெல்லாம் தீர்ந்த பிறகு கண்டெடுத்து, வருத்தத்தோடு மேலொப்பமிட்டு அனுப்பியிருந்தார். உரிய வழியூடாக அது எங்கள் கைக்கு வந்தது 1975 ஒக்டோபர் 29, புதன்கிழமை.